சின்ன ஆன்லைன் கோர்ஸுக்கு டெம்ப்ளேட் போடுவது எப்படி

ஆன்லைன் கோர்ஸ் செய்ய உட்காரும் பலர் முதலில் செய்வது, நெட்டில் ஒரு டெம்ப்ளேட்டைத் தேடி இறக்கிக்கொள்வதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஏற்காட்டில் ஓரிரண்டு ஏக்கர் காபி வைத்திருப்பவர்களுக்கு, பழம் பறிப்பதில் இருந்து கொட்டையைக் களத்தில் காயப்போடுவது வரை 5 பாடத்தில் ஒரு குட்டி கோர்ஸ் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இறக்கிய டெம்ப்ளேட்டில் முதல் கட்டம் ‘அறிமுகம்’, அடுத்தது ‘வரலாறும் பின்னணியும்’. காலிக் கட்டத்தைப் பார்த்தால் நிரப்பத்தான் தோன்றும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கதையில் தொடங்கி எழுதி, படம் தேடி, குரல் கொடுத்து, அதற்கே இரண்டு நாள் போனது. நாகலூர்ப் பக்கம் ஒரு அக்கா பொறுமையாக முழுவதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, “எல்லாம் சரிங்க தம்பி, பல்பர்ல போட்ட கொட்டைய எப்பக் கழுவணும்னு எங்க சொன்னீங்க?” என்று கேட்டார். பல்பர் என்பது பழத்தின் தோலை நீக்கும் மெஷின். அதன் பிறகும் கொட்டையில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பு போகத் தொட்டியில் விட்டுத்தான் கழுவுவார்கள். எப்போது கழுவ வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அந்த டெம்ப்ளேட்டில் அதற்குக் கட்டமே கிடையாது.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்ட விஷயத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். டெம்ப்ளேட் வேண்டும், கட்டாயம் வேண்டும், ஆனால் அதை வெளியிலிருந்து கொண்டுவராதீர்கள். நன்றாக ஓடிய உங்கள் ஒரு கோர்ஸில் இருந்தே அதை உருவி எடுங்கள்.

முதல் கோர்ஸை வெறும் தாளில் செய்யுங்கள்

ஒரு கோர்ஸை எந்த டெம்ப்ளேட்டும் இல்லாமல், யாருக்காகச் செய்கிறீர்களோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். நேரம் ஆகும், பரவாயில்லை. அவருடைய போன் என்ன, அதில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, எத்தனை மணிக்குக் கை ஓய்கிறது, வீட்டுக்குள் சிக்னல் வருமா, திண்ணைக்கு வந்தால்தான் வருமா, இதெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். மலை மேல் பல ஊர்களில் வீடியோ ஓட ஒரு குறிப்பிட்ட மேட்டுக்கு ஏறி நிற்க வேண்டும். அங்கே நின்றபடி 20 நிமிட வீடியோ யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே வீடியோ தரம் 480பி-க்கு மேல் வேண்டாம், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும்படி அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்த முடிவு பிறகு டெம்ப்ளேட்டில் ஒரு வரியாக உட்கார்ந்துவிட்டது. அடுத்த கோர்ஸில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

எதை டெம்ப்ளேட்டில் வைப்பது, எதை வைக்கக் கூடாது என்ற குழப்பம் வரும். சேலம் அம்மாபேட்டையில் தறி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலை ஒரு தடவை ஏற்றியாகிவிட்டது என்றால் அது தீரும்வரை அதிலேயே நெய்வார்கள், குறுக்கே ஓடும் ஊடை நூலில் நிறத்தை மாற்றிக்கொள்வார்கள். பாடத்தின் வரிசை, வீடியோவின் நீளம், எழுத்துரு, கேள்வியின் வடிவம், ஃபைலுக்குப் பெயர் வைக்கும் முறை எல்லாம் பாவு. உதாரணம், படம், அந்தத் தொழிலில் நடக்கும் தவறு, அந்த ஊர்ப் பேச்சு எல்லாம் ஊடை. டெம்ப்ளேட்டில் ஊடையைச் சேர்த்துக் கட்டிவிட்டால் எல்லா கோர்ஸும் ஒரே நிறத்தில்தான் வரும். “வணக்கம் நண்பர்களே, இன்றைய பாடத்தில் நாம் காணவிருப்பது” என்று எல்லா வீடியோவும் ஒரே வாக்கியத்தில் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

கடைசியில் இருந்து எழுதுங்கள்

டெம்ப்ளேட்டின் முதல் கட்டம், கோர்ஸ் முடிந்த மறுநாள் அந்த ஆள் என்ன செய்வார் என்பதாக இருக்கட்டும். ஒரே ஒரு வாக்கியம். ‘அறிந்துகொள்வார்’, ‘புரிந்துகொள்வார்’, ‘விழிப்புணர்வு பெறுவார்’ என்று எழுதக் கூடாது என்பது என் கறாரான விதி, ஏனென்றால் அதை யாரும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாது. பாடத்தின் நோக்கத்தை எப்படி எழுதுவது என்று புத்தகம் போட்ட அமெரிக்காவின் ராபர்ட் மேகர் 1962-லேயே இதற்கு ஒரு வழி சொல்லிவிட்டார்: செயல் என்ன, எந்தச் சூழ்நிலையில் செய்வார், எந்த அளவுக்குச் சரியாகச் செய்தால் போதும், இந்த மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் புளூமின் குழுவினர் 1956-ல் போட்ட கற்றல் படிநிலைகளை 2001-ல் திருத்தியபோதும், ‘அறிவு’, ‘பயன்பாடு’ என்று பெயர்ச்சொல்லாக இருந்தவற்றை ‘நினைவுகூர்’, ‘பயன்படுத்து’ என்று வினைச்சொல்லாக மாற்றினார்கள். தமிழில் எழுதும் நமக்கு இது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ‘குறித்த தெளிவு ஏற்படும்’ மாதிரி யாரும் எதுவும் செய்யாத வாக்கியம் நமக்குச் சட்டென்று வந்துவிடும்.

காபி கோர்ஸுக்கு நான் எழுதியது: “தன் தோட்டத்தில் ஒரு நாள் பறித்த பழத்தை, அன்றே தண்ணீரில் போட்டுப் பிரித்து, பல்ப் செய்து, சரியான பதத்தில் கழுவி, மண் படாமல் காயப்போடுவார்.” இந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் பாடங்கள் தாமாகவே பிரிந்துவிட்டன. பறிப்பு, மிதக்கவிட்டுப் பிரிப்பது, பல்ப் செய்வது, கழுவுவது, காயவைப்பது. வரலாற்றுக்கு அதில் வேலை இல்லை.

அப்புறம் உடனே கடைசிச் சோதனையை எழுதிவிடுங்கள், பாடத்தை எழுதுவதற்கு முன்னாலேயே. சோதனையில் இல்லாத விஷயம் பாடத்தில் இருந்தால் அதை வெட்டிவிடலாம். சோதனையில் இருந்து பாடத்தில் இல்லையென்றால் அந்த அக்கா கேட்ட மாதிரி யாராவது கேட்பார்கள்.

ஒரு பாடத்தின் டெம்ப்ளேட்

என்னிடம் இப்போது இருப்பது ஒரு பக்கம்தான், 6 கட்டம். கழுவும் பாடத்துக்கு நிரப்பியதை அப்படியே தருகிறேன்.

நேற்றையது: தண்ணீரில் மிதந்த பழத்தை என்ன செய்தீர்கள்?

சிக்கல்: பல்ப் செய்த கொட்டையைத் தொட்டியில் போட்டு ஒரு நாள் ஆகிவிட்டது. இப்போது கழுவலாமா, இன்னும் விடலாமா?

காட்டுவது: ஒரு கைப்பிடி கொட்டையை எடுத்துத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பது. கிட்டத்தில் இருந்து, சத்தத்தோடு, 40 விநாடி.

அடையாளம்: வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. சின்னக் கூழாங்கற்களைத் தேய்ப்பதுபோல் நறநறவென்று பட்டால் கழுவலாம்.

வழக்கமான தவறு: போன தடவை இத்தனை மணி நேரம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்வது. குளிர் கூடினால் நேரம் நீளும். கூடுதலாக ஊறிவிட்டால் புளித்த வாடை ஏறிவிடும், பிறகு அது போகாது.

செய்து அனுப்புங்கள்: உங்கள் தொட்டிக் கொட்டையைத் தேய்க்கும் சத்தத்தை 10 விநாடி வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள்.

இதில் ‘அடையாளம்’ என்ற கட்டம் நான் பார்த்த ரெடிமேட் டெம்ப்ளேட் எதிலும் இல்லை. கைத்தொழில் பாடத்துக்கு அதுதான் உயிர். மாவு புளித்துவிட்டது, பாகு பதம் வந்துவிட்டது, மாங்காய் முற்றிவிட்டது என்று எதைச் சொல்லிக்கொடுத்தாலும், ‘ஆகிவிட்டது’ என்பதைக் கண்ணோ மூக்கோ காதோ கையோ எப்படிக் கண்டுபிடிக்கும் என்பதைத்தான் கற்றுக்கொள்பவர் தேடி வருகிறார். ஏற்காட்டில் இந்தப் பதம் வர ஒரு நாள் ஆகலாம், ஒன்றரை நாளும் ஆகலாம். அதனால் எண்ணைச் சொல்லிவிட்டு நகர முடியாது. சத்தத்தைப் பதிவு செய்வதற்காக போனைத் தொட்டியின் விளிம்பில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக் காற்றை மறைத்து எடுத்தோம். முதலில் எடுத்ததில் சில்வர் ஓக் மரத்துக் காற்றுதான் கேட்டது. அந்தத் துண்டு விஷயமும் இப்போது டெம்ப்ளேட்டில் ‘காட்டுவது’ கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது.

‘நேற்றையது’ கட்டத்தை யாராவது இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று தூக்கச் சொன்னால் தூக்காதீர்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்துவிட்டுத் தாங்களே நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே கேள்வி, அரை நிமிடம், அதற்கு இவ்வளவு பலன்.

வீடியோ நீளத்துக்கு நான் வைத்திருக்கும் எல்லை 6 நிமிடம். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தில் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்து 2014-ல் வந்த ஆய்வில், வீடியோ 6 நிமிடத்துக்குள் இருந்தால்தான் ஆட்கள் ஒட்டி நிற்கிறார்கள் என்று தெரிந்தது. என் அனுபவத்தில் 4 நிமிடமே போதும். 6 கட்டமும் நிரம்பி 4 நிமிடத்துக்கு மேல் போகிறது என்றால் பெரும்பாலும் அது இரண்டு பாடம்.

ஸ்லைடு டெம்ப்ளேட்டில் தமிழ் எழுத்து

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கேன்வாவிலும் கூகுள் ஸ்லைட்ஸிலும் கிடைக்கும் அழகான டெம்ப்ளேட்டுகள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து வரைந்தவை. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் (கேபிடல் லெட்டரில்) இருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லை. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஸ்டைல் செய்திருப்பார்கள். அதைத் தமிழில் போட்டால் ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். ஆகவே எழுத்து இடைவெளியைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். வரி இடைவெளியை மட்டும் 1.4 அல்லது 1.5 ஆக்குங்கள், நம் எழுத்துக்கு மேலே சுழியும் கீழே வளைவும் உண்டு, நெருக்கினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் மென்பொருள் தானாக வேறு எதையாவது எடுத்துப் போட்டுவிடும், ஸ்லைடுக்கு ஸ்லைடு வேறாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் இவை எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். இரண்டைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று தலைப்புக்கு, ஒன்று உள்ளுக்கு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூகுள் ஸ்லைட்ஸில் தீம் பில்டருக்குள் போய் ஒரே தடவை மாற்றிவிட்டால் எல்லா ஸ்லைடுக்கும் அது போய்விடும். ஒவ்வொரு ஸ்லைடாகத் திறந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

தமிழ்ச் சொல் நீளம் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆங்கிலத்தில் மூன்று சொல் அடங்கும் பெட்டியில் ‘காயவைக்கும்போது’ என்ற ஒரு சொல்லே முட்டிக்கொண்டு நிற்கும். டெம்ப்ளேட் போடும்போதே உங்கள் தொழிலின் மிக நீளமான சொல்லைப் பெட்டியில் அடித்துப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. பழைய கையேடு, நோட்டீஸ் எதையாவது பிரிண்டிங் பிரஸ்ஸில் இருந்து வாங்கினால் அது பாமினி எழுத்துருவில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காப்பி செய்து ஒட்டினால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள், ஒற்றும் துணைக்காலும் சில இடங்களில் தவறியிருக்கும்.

கேள்விகளுக்கு ஒரு டெம்ப்ளேட்

சரியான விடையை எழுதுவது சுலபம். தவறான விடைகளை எழுதத்தான் உழைக்க வேண்டும். ‘வழக்கமான தவறு’ கட்டத்தில் எழுதியதை எடுத்து அப்படியே தவறான விடையாக வையுங்கள். “போன வாரம் 24 மணி நேரத்தில் ஆகிவிட்டது, இப்போதும் 24 மணி ஆனதும் கழுவுவேன்” என்பது ஒரு விடை. உண்மையில் அப்படிச் செய்பவர்கள் அதைத்தான் தொடுவார்கள், அப்போதுதான் உங்களுக்கும் தெரியும். யாரும் செய்யாத முட்டாள்தனத்தைத் தவறான விடையாக வைத்தால் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்குவார்கள், ஒன்றும் தெரியவராது.

தவறான ஒவ்வொரு விடைக்கும் ஏன் தவறு என்று ஒரு வரி பதில் எழுதி வைக்க, கோர்ஸ் நடத்த உதவும் மூடுல் தளத்தில் வசதி உண்டு. கூகுள் ஃபார்ம்ஸில் சரி, தவறு என்று இரண்டே பதில்தான் வைக்கலாம். ஆனால் விடைக்கு ஏற்ப வேறு பகுதிக்கு அனுப்பும் வசதியை வைத்து அதே வேலையைச் செய்துகொள்ளலாம். ‘தவறு, மீண்டும் முயல்க’ என்று மட்டும் எழுதாதீர்கள். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு ராத்திரி போனைத் திறந்து உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் நாம் அப்படிப் பேசக் கூடாது.

நகல் எடுப்பது

மூலத்தை ஒருபோதும் திறந்து நேரடியாக எழுதாதீர்கள். கூகுள் டாக்ஸ், ஸ்லைட்ஸ் இணைப்பின் கடைசியில் ஆங்கிலத்தில் ‘எடிட்’ என்று இருக்கும் இடத்தில் ‘காப்பி’ என்று ஆங்கிலத்திலேயே மாற்றி அனுப்பினால், திறப்பவருக்கு நகல் எடுக்கவா என்று கேட்கும், மூலம் பத்திரமாக இருக்கும். மூடுலில் ஒரு காலி கோர்ஸை டெம்ப்ளேட்டாக மறைத்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதை நகல் எடுத்துக்கொள்ளலாம். ஃபைல் பெயரில் தேதியையும் பாட எண்ணையும் போடுங்கள். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’ வேண்டாம்.

கொலுசுக் கடைக்குப் போனபோது

இரண்டாவது கோர்ஸ், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு விற்கும் கடைகளில் புதிதாகச் சேருபவர்களுக்கு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது எப்படி என்பது. அதே 6 கட்டம். நிரப்ப ஒன்றரை நாள்தான் ஆனது, காபிக்கு மூன்று வாரம் போயிருந்தது. ‘சிக்கல்’ கட்டத்தில் வந்தது: வாடிக்கையாளர் “எங்க பாப்பாவுக்கு” என்று மட்டும் எழுதியிருக்கிறார், அளவு சொல்லவில்லை. ‘காட்டுவது’ கட்டத்தில் கணுக்காலைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு, முனை சேரும் இடத்தைப் பிடித்து, ஸ்கேலில் வைத்து இஞ்சில் அளப்பது. ‘அடையாளம்’: நூலுக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். ‘வழக்கமான தவறு’: இறுக்கிப் பிடித்து அளந்து, அதையே ஆர்டரில் எழுதிவிடுவது.

ஆனால் ஒரு இடத்தில் கட்டம் ஒத்துவரவில்லை. காபியில் ஒரே ஆள், ஒரே வேலை. இங்கே பேச்சு இரண்டு பக்கமும் போகிறது, எடை எவ்வளவு, டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கேட்பவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அதனால் ‘அவர் இப்படிக் கேட்டால்’ என்று ஏழாவது கட்டம் சேர்த்தேன். சேர்த்ததும் பொது டெம்ப்ளேட்டிலும் அதை வைத்துவிடலாமா என்று கை பரபரத்தது. வைக்கவில்லை. விற்பனை கோர்ஸுக்கென்று தனி நகலாக வைத்துவிட்டேன். ஒரு கட்டம் மூன்று கோர்ஸில் தேவைப்பட்டால்தான் பொதுவில் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல மூன்று கோர்ஸில் தொடர்ந்து வெற்றாகவோ ஒப்புக்கு நிரப்பியோ இருந்த கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

டெம்ப்ளேட்டுக்குள் அடைக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. கொலுசுப் பட்டறையில் வெள்ளியைச் சுத்தம் செய்ய ஆசிட் புழங்குகிறது. அதைப் பற்றியும் 4 நிமிட வீடியோ செய்து தரச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். புகையை எப்படித் தவிர்ப்பது, மேலே பட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் தெரிந்தவர் ஒருவர் பட்டறையில் கூட நின்று, கையுறை போட வைத்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டிச் சொல்லித்தர வேண்டியவை. நேரில் கற்றுக்கொண்ட பிறகு, வீடியோவை நினைவூட்டலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அனுப்புவதற்கு முன்

எல்லாம் முடிந்ததும் ஒரே ஒருவருக்கு மட்டும் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். விரல் எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் வீடியோவைப் பின்னால் இழுக்கிறார், எந்தச் சொல்லில் உதடு அசைந்து திரும்பப் படிக்கிறார் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லத் துடிக்கும், சொல்லிவிட்டால் அந்தக் குறை கோர்ஸிலேயே தங்கிவிடும், ஏனென்றால் அடுத்தவர் பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

திருத்திய காபி கோர்ஸை நான் மறுபடியும் நாகலூருக்கே எடுத்துப்போனேன், பறிப்பு நடந்துகொண்டிருந்த டிசம்பரில். அதே அக்கா, அதே திண்ணை. நான்காவது பாடத்தில் தேய்க்கும் சத்தம் வந்த இடத்தில் போனைக் காதருகே கொண்டுபோனார், இரண்டு தடவை பின்னால் இழுத்துக் கேட்டார். எழுந்து தொட்டிப் பக்கம் போய் ஒரு கை அள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இன்னும் வழுக்குதுங்க, காலையில பாத்துக்கலாம்” என்றார். மறுநாள் 7 மணி வாக்கில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதில் பேச்சு எதுவும் இல்லை, 10 விநாடி நறநறவென்ற சத்தம் மட்டும்.